ஜானி கேஷ் பாட்டு உங்களை எங்கே பிடித்தது? (அனுபவப் பகிர்வு)

இரவுப்பணி

அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜானி கேஷின் 'ஹர்ட்' பாட்டு வீடியோவை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. வார்டு அடங்கியதும் கூட வேலை பார்ப்பவர் போனை நீட்டி, "இதைப் பாருங்க சிஸ்டர்" என்றார். அதுவரை கன்ட்ரி என்கிற அந்த அமெரிக்க நாட்டுப்புற பாணி இசைப் பக்கமே நான் போனதில்லை.

மேஜை நிறைய விருந்து. கை நடுங்க, கேஷ் வைனை அந்தச் சாப்பாட்டின் மேலேயே ஊற்றுகிறார். பின்னால் மாடிப்படியில் மனைவி ஜூன் கார்ட்டர் நின்று பார்க்கிறார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் மனைவிமார் முகத்தில் தினமும் பார்ப்பதுதான். ஆனால் முதலில் போனது ஜூன், 2003 மே மாதம். செப்டம்பரில் கேஷ், 71 வயதில்.

அப்புறம் அதே ஆல்பத்தின் தலைப்புப் பாட்டான 'தி மேன் கம்ஸ் அரவுண்ட்'டையும் கேட்டேன். பைபிளில் வெளிப்படுத்தின விசேஷம் படித்து வளர்ந்தவர்களுக்கு, மரணம் ஏறி வரும் அந்த 'மங்கின நிறமுள்ள குதிரை' பாட்டில் வரும்போது உடம்பு சிலிர்க்கும். சாகப்போகிறவர் நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பாடுகிறார், குரலில் துளி பயம் இல்லை. அது எப்படி என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய_தட்டு

எனக்கு ஃபோல்சம் சிறை ஆல்பம். 1968 ஜனவரி 13-ல் கலிபோர்னியாவின் அந்தச் சிறைக்குள்ளேயே கைதிகள் முன்னால் கேஷ் பாடியது. என் அண்ணன் ஒரு வழக்கில் உள்ளே இருந்த சமயத்தில்தான் முதலில் கேட்டேன். ஊரில் ஒருத்தரும் அவன் பேரை எடுக்க மாட்டார்கள், சொந்தக்காரர்கள் உட்பட.

கடைசிப் பாட்டுக்கு வருகிறேன். முந்தின ராத்திரி, கைதிகளுக்கு ஊழியம் செய்கிற போதகர் ஒருவர் கேஷிடம் ஒரு டேப்பைக் கொடுக்கிறார். க்ளென் ஷெர்லி என்ற கைதி சிறைக்குள் இருக்கும் தேவாலயத்தைப் பற்றி எழுதிய பாட்டு. கேஷ் அன்றைக்கே அதைக் கற்றுக்கொள்கிறார். மறுநாள் ஷெர்லி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு ஒன்றும் தெரியாது. இந்தப் பாட்டை எழுதியவர் இங்கேயே இருக்கிறார் என்று அத்தனை பேர் முன்னாலும் கேஷ் அவர் பேரைச் சொல்கிறார். ஒரு கைதியின் பேரை மரியாதையோடு சொன்னார், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முந்தின வருஷம் போதைப் பழக்கத்தில் நொந்து, சாகத் துணிந்து ஒரு குகைக்குள் போன கேஷைக் கடவுள் வெளியே அனுப்பியது இதற்காகத்தான் என்று நான் நம்புகிறேன்.

மெம்பிஸ்வாசி

தம்பி, அந்தக் குகையில் எல்லாவற்றையும் கட்டி வைக்காதீர்கள். நிக்கஜாக் குகைக் கதையைச் சொன்னது கேஷேதான், சரி. ஆனால் அந்தச் சமயத்தில் அணைத் தண்ணீர் குகைக்குள் ஏறியிருக்கும் என்று காட்டி, அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்களே சந்தேகப்படுகிறார்கள். ஒரே ராத்திரியில் அவர் திருந்திவிடவும் இல்லை. 1983-ல் பெட்டி ஃபோர்டு மையத்தில் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சைக்குச் சேர்ந்தார். ஷெர்லி கதையையும் பாதியில் நிறுத்தாதீர்கள். 1971-ல் வெளியே வந்தார், கேஷ் தன்னோடு மேடை மேடையாகக் கூட்டிப்போனார். அப்படியும் 1978-ல் ஷெர்லி தற்கொலை செய்துகொண்டார்.

என் அனுபவம் சின்னது. கேஷ் முதன்முதலில் பாட்டுப் பதிவு செய்த மெம்பிஸ் சன் ஸ்டூடியோவில் சுற்றிக் காட்டியவர் கிதார் தந்திகளுக்கு நடுவே ஒரு டாலர் நோட்டைச் செருகித் தட்டினார். டிரம்ஸே இல்லாமல் ரயில் ஓடுகிற அந்தச் சத்தம் வந்தது. கேஷ் பக்திப் பாட்டுப் பாடத்தான் அங்கே போனார், விற்காது என்று ஸ்டூடியோ முதலாளி சாம் ஃபிலிப்ஸ் மறுத்துவிட்டார்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 'ஹர்ட்'டில் தொடங்காதீர்கள், அது கடைசி அத்தியாயம். முதலில் 1955லிருந்து வந்த சன் பாட்டுகள். அப்புறம் ஃபோல்சம், சான் க்வென்டின் என்ற இரண்டு சிறை ஆல்பங்களையும் மேடைப் பேச்சு உட்பட முழுசாகக் கேளுங்கள், பாட்டுக்குப் பாட்டு தாண்டிப் போகாதீர்கள். பிறகு 1994-ல் தயாரிப்பாளர் ரிக் ரூபினோடு செய்த ஆல்பம். கடைசியாக 'மை மதர்ஸ் ஹிம் புக்'. அதில் அவரும் ஒரு கிதாரும் மட்டும்தான். அம்மாவின் பழைய பாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்த பாட்டுகள். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அந்த அடிக்குரல் அதில் வரவே வராது.

கரிசல்காரன்

நானும் மெம்பிஸ் போனேன், ஆனால் அங்கிருந்து ஆற்றைத் தாண்டி ஆர்கன்சாவில் டையஸ் போனவர்கள் யாராவது உண்டா? பருத்திக்காட்டு நடுவே கேஷ் வளர்ந்த வீடு. மழை பெய்த மறுநாள். கறுப்பு மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது, எங்கள் ஊர் மண்ணேதான். அம்மா பருத்தி எடுத்த காடு கண்ணுக்குள் வந்து நின்றது.

அண்ணன் ஜாக் 1944-ல் மரம் அறுக்கும் ரம்பத்தில் சிக்கிச் செத்தபோது கேஷுக்கு 12 வயது. போதகராக வேண்டும் என்றிருந்த அண்ணன். சாகும் முன் தேவதூதர்கள் பாடுவது கேட்கிறது என்றானாம். திருந்தியது குகையிலா, சிகிச்சை மையத்திலா என்று சண்டை போடுகிறீர்கள். எனக்கென்னவோ அந்த அண்ணனுக்குப் பதில் சொல்லத்தான் அவர் ஆயுசுக்கும் பாடினார் என்று படுகிறது.

வாசுகி_அம்மா

ஜூன், கடவுள், அண்ணன் என்று எல்லாரையும் எழுதிவிட்டீர்கள். முதல் மனைவி விவியனை ஒருத்தர்கூட நினைக்கவில்லையே? 1965-ல் டெக்சாஸின் எல் பாஸோவில் போதை மாத்திரைகளோடு கேஷ் பிடிபட்டபோது கோர்ட்டுக்குக் கூடவே போனவள் அந்தப் பெண்தான். அந்தப் போட்டோவைப் பார்த்து, அவள் கறுப்பினப் பெண் என்று வெள்ளை இனவெறி பிடித்த கூட்டம் மிரட்டல் விட்டது. வீட்டில் நாலு பெண் குழந்தைகள். அடுத்த வருஷம் விவாகரத்துக்கு மனுப் போட்டாள். நான் அவள் எழுதியதைத்தான் முதலில் படித்தேன், பாட்டு பிறகுதான். 1956-ல் வந்த 'ஐ வாக் தி லைன்', உனக்கு உண்மையாக இருப்பேன் என்கிற அந்தப் பாட்டு, விவியனுக்காக எழுதியது. அதை ஜூன் பாட்டாக நினைத்துக் கேட்டவர்கள் இன்னொரு தடவை போட்டுக் கேளுங்கள்.