ப்ளீடர் ரெசிஸ்டர்: கசிவா, வடிகாலா, வற்றலா?

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டிலேயே வால்வு (வெற்றிடக்குழாய்) கிட்டார் ஆம்ப் கட்டுகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, இந்த இரண்டு வால்வு அவ்வளவுதான், சின்ன ஆம்ப். மின்தேக்கி, மின்மாற்றி, அலைதிருத்தி எல்லாம் நிலைத்த சொற்கள், சிக்கலில்லை. பாதுகாப்புப் பகுதிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. ப்ளீடர் ரெசிஸ்டரை என்னவென்று சொல்வது? ஆம்பை அணைத்த பிறகும் மின்தேக்கியில் தேங்கி நிற்கும் மின்னேற்றத்தை மெல்ல இறக்குவதற்காக, அதன் குறுக்கே நிரந்தரமாகப் போட்டுவைக்கும் தடையம் அது. ப்ளீட் என்றால் இரத்தம் வடிதல் என்பதால் முதலில் 'குருதிவடி தடையம்' என்று எழுதிப் பார்த்து நானே சிரித்துவிட்டேன். இப்போதைக்குக் 'கசிவுத்தடையம்' என்று வைத்திருக்கிறேன். பேசாமல் 'பாதுகாப்புத் தடையம்' என்றே சொல்லிவிடலாமா?

மடல் 2

தம்பி, கசிவு வேண்டாம். நம் பேச்சில் கசிவு என்றால் பழுது. கூரை கசிகிறது, குழாய் கசிகிறது என்போம். மின்தேக்கி கெட்டுப்போய் உள்ளுக்குள் ஒழுகுவதையும் கசிவு மின்னோட்டம் என்றுதான் எழுதிவருகிறோம். வேண்டுமென்றே போட்ட உறுப்புக்குப் பழுதின் பெயர் எதற்கு? வெள்ளம் வடிகிறது, வீக்கம் வடிகிறது என்கிறோமே, அந்த வேரிலிருந்து 'வடிகால் தடையம்' எனலாம். கேட்டவுடன் புரியும்.

மடல் 3

ஐயா, கசிவு கூடாது என்பதற்கு என்னிடம் இன்னொரு காரணமும் இருக்கிறது. அதே சேசிஸுக்குள் (ஆம்பின் உலோகச் சட்டகம்) முதல் வால்வின் கிரிட் முனையிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகாஓம் தடையம் ஒன்று போகும். அது கிரிட் லீக் ரெசிஸ்டர், லீக் என்றாலே கசிவுதான். கசிவுத்தடையம் என்ற பெயருக்கு உரிமைக்காரர் அவர்தான். ஒரே படத்தில் இரண்டு கசிவு இருந்தால் புதிதாகக் கட்டுகிறவர் பாவம்.

வடிகாலிலும் இதே தகராறு. மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரின் ட்ரெய்ன் முனையைப் பலர் வடிகால் என்று எழுதுகிறார்கள். போதாக்குறைக்கு, நாம் இறக்கப்போகும் மின்தேக்கியே வடிகட்டி மின்தேக்கி. "வடிகட்டியின் வடிகால் தடையம்" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

'பாதுகாப்புத் தடையம்' என்பதை மட்டும் நான் கடுமையாக எதிர்ப்பேன். இந்தத் தடையம் உள்ளே அறுந்துபோனால் ஆம்ப் வழக்கம்போலப் பாடும். ஹம் என்கிற இரைச்சல்கூட அதிகமாகாது. பாதுகாப்பு என்று பெயர் வைத்துவிட்டால், அது இருக்கிறதே என்று நம்பிக் கையை விடுவார்கள்.

சொந்தக் கதை ஒன்று. டயோடு அலைதிருத்தி போட்ட ஆம்ப், ப்ளீடர் போடவில்லை. வால்வு எதையும் செருகாமல் மின்னழுத்தம் மட்டும் பார்த்துவிட்டு, அணைத்துப் படுத்துவிட்டேன். மறுநாள் காலை ஒரு நட்டை இறுக்கும்போது திருப்புளி நழுவி மின்தேக்கியின் முனைக்கும் சேசிஸுக்கும் பாலம் போட்டது. படீர்! திருப்புளி நுனியில் மிளகளவு குழி. பிடி பிளாஸ்டிக் என்பதால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இரவெல்லாம் அந்த மின்னேற்றம் இறங்க வழியே இருக்கவில்லை.

வால்வுகள் செருகியிருந்தால் அணைத்த பிறகும் கேத்தோடு சூடாக இருக்கும் வரை அவையே கொஞ்சம் இழுத்துக் குறைத்துவிடும். அதனால்தான் ப்ளீடர் தேவையில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆனால் பலர் ஸ்டான்ட்பை சுவிட்சை (வால்வுகளுக்கு உயர் மின்னழுத்தம் போவதை மட்டும் நிறுத்தும் சுவிட்ச்) முதலில் துண்டித்துவிட்டுத்தான் மெயினை அணைப்பார்கள். அப்போது மின்தேக்கிக்கும் வால்வுக்கும் நடுவே வழி அடைபட்டுவிடும். ஆகவே தடையத்தை அந்த சுவிட்சுக்கு முன்னால், முதல் மின்தேக்கியின் மேலேயே போட வேண்டும். தம்பி, கையேட்டில் இதைப் படம் போட்டே காட்டிவிடுங்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், சொல் அதிலிருந்துதான் வருகிறது. மொத்தம் 100 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் என்றால் உள்ளே நிற்பது 8 ஜூல். குறுக்கே 220 கிலோஓம் போட்டால் நேர மாறிலி, அதாவது மின்னழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறைய ஆகும் நேரம், 22 நொடி. 50 வோல்ட்டுக்கு இறங்கவே முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆகும், 3 வோல்ட்டுக்குக் கீழே போக 2 நிமிடத்தை நெருங்கும். ஆம்ப் ஓடும்போதெல்லாம் அந்தத் தடையத்தில் முக்கால் வாட் வெப்பம் போய்க்கொண்டே இருக்கும், எனவே 2 வாட் போடுங்கள். எத்தனை வோல்ட் தாங்கும் என்றும் பாருங்கள். கால் வாட் தடையங்கள் பெரும்பாலும் 400 வோல்ட்டுக்கு ஆகாதவை.

இந்த மெதுவுதான் பெயரில் வர வேண்டும் என்பது என் எண்ணம். ஏரி வற்றும், கிணறு வற்றும். குடம் வற்றாது, காலியாகும். மின்தேக்கியில் ஏற்கெனவே 'தேக்கம்' இருக்கிறது. தேங்கியது வற்றும். ஆகவே 'வற்றுத்தடையம்'. இறங்க ஆகும் நேரம் வற்றுநேரம். மீட்டரை வைத்துக்கொண்டு "வற்றிடுச்சா?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம். வினையாகப் புழங்காத கலைச்சொல் பட்டியலிலேயே தூங்கும்.

மடல் 4

வற்று நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்று. வற்று தன்வினை. வற்றுவது மின்தேக்கி, தடையமல்ல. ஒற்று இல்லாமல் 'வற்றுதடையம்' என்று எழுதினால் வினைத்தொகையாகி, தடையமே வற்றுகிறது என்று பொருள்படும். 'வற்றவைக்கும் தடையம்' என்பதே சரி, ஆனால் நீளம். 'வற்றுத்தடையம்' என்று ஒற்றோடு எழுதினால் வற்றுக்கான தடையம் என்று கொள்ளலாம். இலக்கணக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், நான் உட்பட. இருந்தாலும் ஒற்றை விடாமல் எழுதினால் ஒப்புக்கொள்கிறேன். அப்புறம், 'மின்னிறக்கத் தடையம்' என்று எளிதாக ஒன்று இருக்கிறதே, அதை ஏன் யாரும் தொடவில்லை?

மடல் 5

ஐயா, அந்தப் பெயர் ஒரு கைக்கருவிக்கு வேண்டும். காப்பிட்ட கோலின் நுனியில் 10 கிலோஓம் போலப் பெரிய வாட் தடையம் ஒன்று, மறுமுனையில் சேசிஸைக் கவ்வும் கிளிப். திருப்புளியால் ஷார்ட் செய்யாமல், ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு இதைத் தொட்டுப் பிடித்துச் சில நொடியில் இறக்கலாம். இதை 'மின்னிறக்கக் கோல்' என்று வைத்துக்கொண்டால், தானாக வற்றுவதும் கையால் இறக்குவதும் தனித்தனியாக நிற்கும். எடுத்த பிறகு சில மின்தேக்கிகளில் மின்னழுத்தம் கொஞ்சம் திரும்ப ஏறும், ஆகவே கோலை உடனே எடுத்துவிடக் கூடாது.

இரண்டு மின்தேக்கிகளைத் தொடராக அடுக்கும் பெரிய ஆம்ப்களில் ஒவ்வொன்றின் மேலும் ஒரு 220 கிலோஓம் இருக்கும். அதன் முதல் வேலை இரண்டுக்கும் மின்னழுத்தத்தைச் சமமாகப் பங்கிடுவது. அதைச் 'சமன்தடையம்' என்றே விடுங்கள், வற்றவைப்பது அதன் உபரி வேலை.

மடல் 6

வற்றுத்தடையம், வற்றுநேரம், மின்னிறக்கக் கோல், சமன்தடையம்: நான்கையும் கையேட்டில் ஏற்றிவிட்டேன், ஒற்றோடுதான் ஐயா. முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது ஷார்ட் இருந்தால் தெரிய, குண்டு பல்பைத் தொடராகப் போடுவோமே, அதைச் சீரிஸ் பல்பு என்றே விட்டிருக்கிறேன். எலக்ட்ரீஷியன்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், மாற்ற மனமில்லை. ஸ்டான்ட்பை சுவிட்சுக்கு மட்டும் இன்னும் ஒன்றும் அமையவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.