நல்ல கருப்பு ஸ்கின், ரிசப்ஷனுக்கு வாடாமல்லி கலர் பட்டு + டார்க் லிப்ஸ்டிக் ஓகேவா?

மதுரக்காரி:
ஹாய் தோழிகளே, தை மாசம் எனக்கு கல்யாணம். முகூர்த்தத்துக்கு அரக்கு எடுத்தாச்சு, அதுல பிரச்சனை இல்ல. ரிசப்ஷனுக்கு வாடாமல்லி கலர்ல மாம்பழ மஞ்சள் பார்டர் வெச்ச பட்டு ஒண்ணு பாத்தேன், தோள்ல போட்டு பாத்ததும் அவ்ளோ பிடிச்சு போச்சு. ஆனா கூட வந்த பெரியம்மா "உன் கலருக்கு இது வேணாம்டி, இன்னும் கருப்பா காட்டும்"னு ஒரு வெளிர் பிங்க்க எடுத்து நீட்டுறாங்க, சேல்ஸ்மேனும் அவங்க கூட சேந்துக்கிட்டு இப்ப பேஸ்டல்தான் மேடம் ஓடுதுங்கறார். இதுல பியூட்டீஷியன் வேற, ரெண்டு ஷேடு தூக்கி போட்டாத்தான் ஸ்டேஜ்ல முகம் தெரியும், லிப்ஸ்டிக் நியூட் போதும்னு முடிவே பண்ணிட்டாங்க. நான் மாநிறம் கூட இல்ல, நல்ல கருப்பு. எனக்கு டார்க் சிவப்பு லிப்ஸ்டிக் போடணும்னு ஆசை. செட் ஆகுமா ஆகாதா, மனசு நோகாம இருக்க சொல்லாதீங்க, உண்மைய சொல்லுங்க.

கண்மை_அக்கா:
சென்னைல ப்ரைடல் மேக்கப் பண்றேன்மா, அதனால கொஞ்சம் நீளமா வரும். உன் பெரியம்மா சொல்றதுக்கு நேர் எதிர்தான் நிஜம். வெள்ளை நெறைய கலந்த வெளிர் கலர்தான் நம்ம ஸ்கின்ன சாம்பலா காட்டும். ஆழமான கலர்ல அந்த பிரச்சனை வராது. ஆனா சேலைய விட முக்கியம் ஃபவுண்டேஷன். ரெண்டு ஷேடு தூக்கினா முகம் வெள்ளையா கழுத்து கருப்பா, திருநீறு அள்ளி பூசின மாதிரி நிப்ப, அதுக்கு மேல சிவப்பு லிப்ஸ்டிக் போட்டா கண்டிப்பா கேவலமாத்தான் இருக்கும், அப்புறம் பழி லிப்ஸ்டிக் மேல விழும். ட்ரயல் அன்னிக்கு தாடைலேர்ந்து கழுத்து வரைக்கும் ஒரு கோடு இழுக்க சொல்லு, ஒரு பத்து நிமிஷம் விடு (காத்து பட்டா சிலது கலர் மாறும்), அப்புறம் வெளிய வந்து பகல் வெளிச்சத்துல பாரு, கோடு எங்க இருக்குன்னே தெரியக்கூடாது. உங்க ஷேடு கிடைக்கலன்னு சொன்னா நம்பாத, 2017ல ஃபென்ட்டி பியூட்டி ஒரே தடவைல 40 ஷேடு இறக்கினதுக்கு அப்புறம் மத்த கம்பெனிகளும் டார்க் ஷேடு கூட்டிட்டாங்க.

கண்ணுக்கு கீழ கருவளையம் இருந்தா நேரா கன்சீலர் போட விடாத, சாம்பலா தெரியும். முதல்ல ஆரஞ்சு கரெக்டர், அப்புறம்தான் கன்சீலர். 2015ல தீபிகா முத்யாலாங்கற பொண்ணு சிவப்பு லிப்ஸ்டிக்க எடுத்து கண்ணுக்கு கீழ தடவி வீடியோ போட்டு வைரலாச்சே, அதுவும் இதே கணக்குதான். ப்ளஷ் டப்பால பாத்தா பயமுறுத்துற செங்கல் ஆரஞ்சு, ரத்த சிவப்பு இருக்குல்ல அதத்தான் எடுக்கணும், கன்னத்துல போட்டா அழகா அடங்கிடும். லிப்ஸ்டிக்குக்கு லேசா நீலம் ஓடுற சிவப்பு, மேக் (MAC) கம்பெனியோட ரூபி வூ ஷேடு மாதிரி. உதட்டு ஓரத்துல டார்க் ப்ரௌன் லைனர் கண்டிப்பா வேணும். பேபி பிங்க் நியூட் மட்டும் வேணவே வேணாம்.

பட்டுநூல்:
மேக்கப் எனக்கு தெரியாதுங்க, எங்க வீட்ல காஞ்சிபுரத்துல தறி ஓடுது. ஒண்ணு மட்டும் சொல்றேன், பாவு (நீளவாக்குல ஓடுற நூல்) ஒரு கலர் ஊடை (குறுக்க ஓடுற நூல்) ஒரு கலர் போட்டு நெய்ற டபுள் ஷேடு இருக்கான்னு கேளுங்க. வாடாமல்லில சிவப்பு பாவு ஓடினா நடக்கும்போது மடிப்புக்கு மடிப்பு கலர் மாறும், கருப்பு நிறத்து மேல அது தனியா எடுக்கும், மயில் கழுத்து கலரும் இதே கதைதான். ஜரிகை ரொம்ப பளிச்னு வேணாம்னா ஆன்ட்டிக் ஜரிகை கேளுங்க. எங்க ஊர்ல அந்த காலத்துலயே ராமர் பச்சை, மிளகாய் சிவப்பு, எங்க ஊர் முத்து செட்டியார் பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவுக்காக போட்ட எம்.எஸ். ப்ளூன்னு எல்லாம் அடிக்கிற கலர்தாங்க, இந்த பேஸ்டல் எல்லாம் நேத்து வந்தது.

ஃப்ளாஷ்_பாய்:
சிஸ், போட்டோக்காரன் சைடுலேர்ந்து ஒரு மேட்டர். எடிட்டிங்ல முகத்த வெளுக்க சொல்லி வீட்டுக்காரங்களே கேப்பாங்க. எடிட்டிங் சாஃப்ட்வேர்ல நம்ம ஸ்கின் கலர் ஆரஞ்சுலதான் உக்காரும், முகம் வெளுக்க அந்த ஆரஞ்சோட வெளிச்சத்த ஏத்தினா உங்க மாம்பழ மஞ்சள் பார்டரும் சேந்து வெளுத்துடும், ஆல்பத்துல சேலையே வேற மாதிரி இருக்கும். அதனால ஸ்கின்ன தொடாதீங்கன்னு முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க. அப்புறம் வெள்ளை ஹெச்டி பவுடர அள்ளி அப்ப விடாதீங்க, ஃப்ளாஷ் பட்டா மூக்குக்கு பக்கத்துல வெள்ளை திட்டு விழும்.

சும்மா_ஒருத்தி:
எல்லாரும் பாசிட்டிவா பேசுறீங்க, நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன். எல்லா பளிச் கலரும் செட் ஆகாது. என் அக்கா நல்ல கருப்பு, நியான் பச்சைல லெஹங்கா போட்டா, கலர் அவ முகத்துலயே அடிச்சு தாடை எல்லாம் பச்சையா தெரிஞ்சுது. ஆழமான கலர் வேற, கண்ண கூசுற கலர் வேற. வாடாமல்லி முதல் வகை, தைரியமா எடுங்க. அப்புறம் பெரியம்மா விஷயம்... 2020ல ஃபேர் அண்ட் லவ்லி க்ரீம் பேர்லேர்ந்தே ஃபேர் போய் க்ளோ வந்தாச்சு, நம்ம வீட்டு பெரியவங்க மனசுலேர்ந்துதான் போகல 😂

மதுரக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ்!! நேத்தே வாடாமல்லிக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன், பெரியம்மா பேசல, சரி வளகாப்புக்குள்ள சரியாயிடுவாங்க. பட்டுநூல் அண்ணா, கேட்டு பாத்தேன் சிவப்பு பாவுதானாம். கண்மை அக்கா, பகல்ல ட்ரயல் வெச்சுக்கலாமான்னு கேட்டா பியூட்டீஷியன் அதுக்கு தனி சார்ஜ்ங்கறாங்களே, எல்லா இடத்துலயும் இப்டித்தானா?

கண்மை_அக்கா:
தனியாத்தான்மா வாங்குவாங்க, நானும் வாங்குவேன். ஃபைனல் பில்லுல கழிச்சுக்க சொல்லி கேளு, நெறைய பேர் ஒத்துப்பாங்க. ப்ளவுஸ் தெச்சு வந்ததும் அத எடுத்துட்டு போ, இல்லன்னா சேலைத் துணியாவது தோள்ல போட்டுட்டு உக்காரு, வெள்ளை சுடிதார்ல போய் உக்காந்து லிப்ஸ்டிக் செலக்ட் பண்ணாத.