விண்டோஸ் 11-ல் எக்ஸ்பிரஷன் ஆஃப்லைன் ஓடவில்லை, பழைய லைட்டிங் க்யூக்களை (காட்சிக்குக் காட்சி பதிந்து வைத்த விளக்கு அமைப்புகளை) மீட்க வழி உண்டா?

கேள்வி:
எங்கள் குழு பழைய நாடகம் ஒன்றை மறுபடி மேடையேற்றுகிறது. அதற்கு லைட்டிங் செய்தவர் இப்போது உயிரோடு இல்லை. அவர் ஈடிசி எக்ஸ்பிரஸ் என்ற பழைய லைட்டிங் போர்டில் பதிந்து வைத்த ஷோ ஃபைல் ஒரு ஃப்ளாப்பியில் இருக்கிறது. அரங்கத்தில் இப்போது இருப்பது அதே ஈடிசியின் புதிய ஈயோஸ் போர்டு. போர்டு இல்லாமலே ஃபைலைத் திறந்து பார்க்க உதவும் எக்ஸ்பிரஷன் ஆஃப்லைன் மென்பொருளை லேப்டாப்பில் போட்டால், இந்தக் கணினியில் இது இயங்காது என்று வருகிறது. கம்பாட்டிபிலிட்டி மோடும் பலிக்கவில்லை. அவர் வைத்த ஃபேடுகள் (வெளிச்சம் மெல்ல ஏறி இறங்கும் மாற்றங்கள்) அப்படியே வர வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

பதில் 1:
அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து மென்பொருள். 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் புரோகிராம்களை ஓட்டும் பகுதியே கிடையாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பும் இல்லை. அதனால் எந்த மோடில் வைத்தாலும் ஓடாது. கணினிக்குள் இன்னொரு கணினி போல ஓடும் விர்ச்சுவல்பாக்ஸில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி போட்டுப் பாருங்கள்.

பதில் 2:
எக்ஸ்பி வரை போக வேண்டாம் அண்ணா, டாஸ் புரோகிராம்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் போதும், இலவசம்தான். இங்கே விளக்குகளை இயக்கும் டிஎம்எக்ஸ் சிக்னல் எதுவும் அனுப்பப் போவதில்லை, ஃபைலைத் திறந்து மாற்றினால் சரி.

அதற்கு முன் ஃப்ளாப்பியைக் காப்பாற்றுங்கள். மூலையில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தி ஓட்டை தெரியும்படி வையுங்கள், அப்போது யாரும் தவறிப்போய்க்கூட அதில் எழுத முடியாது. யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவில் போட்டு முழுவதையும் நகலெடுத்துவிடுங்கள். அப்புறம் எல்லா வேலையும் நகலில்தான். உரசும் சத்தம் கேட்டால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள், திரும்பத் திரும்பப் படிக்க வைத்தால் பூச்சு உரிந்துவிடும்.

பிறகு ஒரு ஃபோல்டரில் மென்பொருளையும் ஷோ ஃபைலையும் வைத்து, டாஸ்பாக்ஸில் மவுன்ட் கட்டளையால் அதை சி டிரைவாகக் காட்டுங்கள். பெயர்கள் எட்டு எழுத்துக்குள் இருக்கட்டும், இடைவெளி வேண்டாம். டாஸ்பாக்ஸ் திறந்திருக்கும்போது புதிய ஃபைல் போட்டால் கண்ட்ரோலும் எஃப்4-ம் அழுத்தினால்தான் கண்ணில் படும்.

ஷோ திறந்ததும் யூஎஸ்ஐடிடி ஆஸ்கி வடிவத்தில் (வெவ்வேறு லைட்டிங் போர்டுகளுக்குப் பொதுவான எழுத்து வடிவம்) சேமியுங்கள். ஈயோஸ் அதை இம்போர்ட் செய்யும். ஈயோஸ் மென்பொருளை லேப்டாப்பில் இலவசமாகவே போடலாம், லைட்டுக்கு சிக்னல் அனுப்பத்தான் விலைக்கு வாங்கும் உரிமக் கீ வேண்டும். எனவே அரங்கத்துக்குப் போகும் முன்பே வீட்டில் சரிபார்த்துவிடலாம். எஃபெக்டுகளை மட்டும் புதிதாகப் போடத் தயாராக இருங்கள்.

கேட்டவர்:
திறந்துவிட்டது! க்யூ, நேரம், சப்மாஸ்டர் (பல விளக்குகளை ஒன்றாக ஏற்றி இறக்கும் கைப்பிடி) எல்லாம் வந்துவிட்டன. மனமார்ந்த நன்றி. ஆனால் அரங்கத்தில் ஓட்டினால் அந்திக் காட்சி வெளிறிப்போய்த் தெரிகிறது. ஃபைல் பாழாகிவிட்டதா?

பதில் 2:
ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது. அதில் இருப்பது எந்தச் சேனல் (விளக்குக்கான எண்) எத்தனை சதவீதம், எத்தனை விநாடியில் என்பது மட்டுமே. அவர் கண்ணால் பார்த்து வைத்தது டங்ஸ்டன் பல்பு. அதை 40 சதவீதத்துக்கு இறக்கினால் வெளிச்சம் குறைவதோடு நிறமும் சிவந்து போகும். அந்தியின் பாதி அழகு அந்தச் சிவப்பில்தான். இப்போது அரங்கத்தில் இருப்பது எல்ஈடி என்றால், எவ்வளவு இறக்கினாலும் அது பெரும்பாலும் அதே வெள்ளையாக நிற்கும்.

விளக்கின் முன் மாட்டும் வண்ணத் தாளான ஜெல்லின் எண்களும் ஃபைலில் இருக்காது. லீ 104 போட்டாரா, 119 போட்டாரா என்பது பேப்பரில்தான் இருக்கும். அவர் வீட்டாரிடமோ பழைய மேடை மேலாளரிடமோ க்யூ ஷீட், ஹேங்கிங் பிளான் (எந்த விளக்கு எங்கே தொங்கியது என்ற வரைபடம்) இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் எல்ஈடியில் நிறத்தைக் கலந்து நெருங்கி வரலாம். ஃபேடு நேரங்களை மட்டும் மாற்றாதீர்கள், அவர் வேலை அதில் முழுதாக இருக்கிறது.

பதில் 1:
அரங்கத்தில் டங்ஸ்டன் விளக்குகளின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் பழைய டிம்மர் ராக்கும், பார் 64 என்ற அந்த வகை விளக்குகள் நாலைந்தும் மிச்சம் இருந்தால், அந்திக் காட்சிக்கு மட்டும் மாட்டித் தரச் சொல்லுங்கள். அந்தச் சேனல்களை டிம்மரோடு இணைத்து (பேட்ச் செய்து) விட்டால் க்யூவில் கை வைக்கவே வேண்டியதில்லை.