கார் ஷோல எடுத்த படத்துல ஆளுங்கள அழிக்கலாமா? (ஸ்ட்ராட்டோஸ் ஸீரோ, மோடுலோ மாதிரி பழைய கான்செப்ட் கார்கள்)

கேமராகிறுக்கன்:
2024 ஆகஸ்ட்ல கலிபோர்னியாவுல பெபிள் பீச் கார் ஷோல வெட்ஜ் ஷேப் (ஆப்பு மாதிரி மூக்கு கூரான) கான்செப்ட் கார்களுக்குன்னே தனி கிளாஸ் (போட்டிப் பிரிவு) வச்சிருந்தாங்கல்ல, அப்ப எடுத்த படங்கள இப்பதான் உக்காந்து எடிட் பண்றேன். லான்சியா ஸ்ட்ராட்டோஸ் ஸீரோவ சைடுல இருந்து எடுத்தது ஒண்ணு இருக்கு. பின்னாடி ஒரே கூட்டம், ஒருத்தர் கைல காபி கப், காருக்கு இந்தப் பக்கம் ஓரமா இன்னொருத்தர் பளிச்னு சிவப்பு பேண்ட், அந்த சிவப்பு கார் பாடி மேலயும் ஒரு பட்டையா விழுந்திருக்கு. எல்லாரையும் சாஃப்ட்வேர்ல தூக்கிட்டு காரும் புல்லும் வானமும் மட்டும் வச்சேன். வாட்ஸ்அப் குரூப்ல போட்டா ஒரு நண்பர் "இது போட்டோ இல்ல, வால்பேப்பர்"னுட்டாரு.

நான் ஒத்துக்க மாட்டேன். பெர்டோனேங்கற இத்தாலிய டிசைன் கம்பெனில மார்செல்லோ காந்தினி இத 1970 டூரின் ஷோவுக்கு டிசைன் பண்ணப்ப சிவப்பு பேண்ட்டோட சேத்தா வரைஞ்சாரு? மூக்குல ஆரம்பிச்சு பின்னாடி வரைக்கும் ஒரே கோடு, அந்த கோடு எங்கயும் தடைபடாம கண்ணுக்கு தெரியணும், அதான் அந்த காரோட உயிரே. கூட்டத்த வச்சா கண்ணு கூட்டத்துல போய் நிக்குது. நீங்க என்ன நினைக்கிறீங்க, வெளிப்படையா சொல்லுங்க.

மிலான்வாசி:
வெளிப்படையாவே சொல்றேன் ப்ரோ, உங்க நண்பர் பக்கம்தான் நான். ஸீரோவோட மொத்த உயரம் 84 செ.மீ. வெறும் புல்லுல அத மட்டும் தனியா வச்சு காட்டினா பாக்குறவனுக்கு அது எப்படி தெரியும்? சாதாரண ஸ்போர்ட்ஸ் கார் சைஸுன்னுதான் நினைப்பான். அந்த காபி கப்காரர் பக்கத்துல நின்னா காரோட கூரை அவர் இடுப்புக்கும் கீழ நிக்கும், அந்த ஒரு விஷயத்துலயே பாக்குறவன் வாய பொளந்துடுவான். நீங்க அழிச்சது கூட்டத்த இல்ல, அளவுகோல.

கம்பெனி முதலாளி நுச்சியோ பெர்டோனே அந்த கார தானே ஓட்டிக்கிட்டு லான்சியா ஆபீஸுக்கு போனப்ப கேட்டுல தடுப்புக் கட்டைய தூக்கவே இல்லையாம், அப்படியே அடில பூந்து உள்ள போயிட்டாராம்னு இங்க இத்தாலில கார் பைத்தியங்க எல்லாரும் சொல்ற கதை. அந்த கதைய ஒரே படத்துல சொல்லணும்னா பக்கத்துல மனுஷன் நிக்கணும்.

நான் கோமோ ஏரிக்கரைல வில்லா டெஸ்டே ஷோவுக்கு போவேன். சனிக்கிழமை அழைப்பு இருக்கிறவங்களுக்குத்தான், ஞாயித்துக்கிழமை பக்கத்துல வில்லா எர்பால பொதுமக்களுக்கு விடுவாங்க, என்ன மாதிரி ஆளுங்க எல்லாம் அன்னிக்குத்தான். இந்த மாதிரி தாழ்வான கான்செப்ட் கார் முன்னாடி பெரியவங்க எப்படி நிப்பாங்க தெரியுமா? முட்டில கை ஊனி, முதுக வளைச்சு, கண்ணாடிக்குள்ள எட்டிப் பாத்துக்கிட்டு. ஸீரோவுக்கு சைடுல கதவே கிடையாது, முன் கண்ணாடியையே மேல தூக்கிட்டு உள்ள ஏறணும், அதனால எல்லாரும் மூக்குக்கு முன்னாடி வந்துதான் குனிவாங்க. குழந்தைங்க மட்டும் நேரா நின்னபடியே பாக்கும். இது எந்த ஸ்டுடியோவுலயும் கிடைக்காத படம், இத அழிச்சிட்டு ஷோவுக்கு எதுக்கு போகணும்?

துர்கா_ஃபிலிம்:
ரெண்டு பேரும் கூட்டத்த பத்தியே பேசுறீங்க, எனக்கு அத விட பெரிய பிரச்சினை லென்ஸ். கேமராகிறுக்கன், எந்த ஃபோகல் லென்த் (லென்ஸ் எவ்வளவு அகலமா பாக்குதுன்னு சொல்ற எம்எம் கணக்கு)? படத்துல முன் சக்கரம் பின் சக்கரத்த விட பெருசா தெரியுதா? அப்ப ஆள அழிக்கிறதுக்கு முன்னாடியே காந்தினியோட கோட்ட நீங்க மாத்திட்டீங்க.

கேமராகிறுக்கன்:
துர்கா அக்கா, 20 எம்எம், வைட் லென்ஸ். வேற வழி இல்ல. பக்கத்து கார் ரொம்ப கிட்ட நிக்குது, பின்னாடி போனா நடுவுல பத்து பேரு வந்துடுறாங்க. வைட் போட்டு கிட்ட போனாத்தான் கார் முழுசா சிக்குது. அதுவும் போக வெட்ஜ் காருக்கு வைட் லென்ஸ் நல்லா சேருது, மூக்கு இன்னும் கூரா தெரியும், பாக்குறவங்களுக்கு அந்த 1970 ஃபீல் வரும்.

துர்கா_ஃபிலிம்:
தம்பி, "இன்னும் கூரா"ங்கறதுதான் எனக்கு உறுத்துது. அது ஏற்கனவே கூரானது, நீங்க கூர் சீவ வேண்டியதே இல்ல.

பர்ஸ்பெக்டிவ் (கிட்ட இருக்கிறது பெருசா, தள்ளி இருக்கிறது சின்னதா தெரியுற விகிதம்) மாறுறது லென்ஸால இல்ல, நீங்க நிக்கிற தூரத்தால. ஒரே இடத்துல நின்னு 20லயும் 85லயும் எடுத்துட்டு 20 எம்எம் படத்த கிராப் பண்ணிப் பாருங்க, ரெண்டுலயும் பொருளோட விகிதம் ஒண்ணாத்தான் இருக்கும். வைட் லென்ஸ் உங்கள கிட்ட இழுக்குது, கிட்ட போனதும் கிட்ட இருக்கிற பாகம் ஊதிப் போகுது. ஓரத்துல இழுபடுறது அதுக்கு மேல தனி. ஒன்பது பத்து மீட்டர் தள்ளி நின்னு 70லயோ 85லயோ எடுத்தா கூரைக்கும் சக்கரத்துக்கும் உள்ள விகிதம் டிசைன் பண்ணவன் நினைச்ச மாதிரியே வரும். நடுவுல ஆளு வருவாங்க, வரட்டும், அவங்க நகர்ற வரைக்கும் நிக்கிறதுதான் நம்ம வேலை.

அப்புறம் கேமரா உயரம். நின்ன வாக்குல கண் மட்டத்துல இருந்து 84 செ.மீ காரை எடுத்தா மேல்பக்கம்தான் தெரியும், சைடு கோடு செத்துப் போகும். சக்கரத்தோட நடு அளவுக்கு கேமராவ இறக்குங்க. புல்லுல ஈரம் இருக்கும், பேண்ட் நனையும், பரவாயில்ல.

பசிபிக்காரன்:
நான் கலிபோர்னியால இருக்கேன், பெபிள் பீச்சுக்கு விடியக்காலைலயே போயிடுவேன். இந்த சண்டைக்கு அங்கயே பாதி பதில் இருக்கு. வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே கார்கள் ஒண்ணொண்ணா கோல்ஃப் மைதானத்தோட 18ஆவது ஃபேர்வே புல்லுக்கு ஓடி வரும், டான் பேட்ரோல்னு சொல்லுவாங்க. ஆகஸ்ட் மாசத்துல அந்தக் கடலோரம் காலைல பெரும்பாலும் மூட்டமா இருக்கும், வானம் முழுக்க ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்த மென்மையாக்குற ஸ்டுடியோ லைட்) தொங்குற மாதிரி, நிழல் கிடையாது, வெயில் பட்டு வெளுக்கிற இடம் கிடையாது, பெயிண்ட் நிறம் உள்ளபடி வரும். ஹெட்லைட்டோட கார் உருண்டு வர்றப்போ டிரைவர் உள்ள இருப்பாரு, ஸ்கேலும் கிடைச்சிடுச்சு மிலான்வாசி, கோடும் கிடைச்சிடுச்சு கிறுக்கா. பத்து மணிக்கு மேல போய் வெயில்ல எடுத்துட்டு சாஃப்ட்வேர்ல மல்லுக்கட்ட வேண்டாம்.

வெயில்லதான் எடுத்தாகணும்னா போலரைசர் (பிரதிபலிப்ப குறைக்கிற ஃபில்டர்) போடுங்க, ஆனா கண்ண மூடிக்கிட்டு திருப்பாதீங்க. ஸீரோ மாதிரி படுத்துக்கிடக்கிற முன் கண்ணாடில வானத்தோட பிரதிபலிப்ப வெட்டிட்டா உள்ள சீட்டு தெரியும், அது நல்லது. ஆனா ஒரு பேனல்ல வெட்டினா இன்னொரு பேனல்ல அப்படியே நிக்கும், ஏன்னா கோணம் வேற. அப்ப கார் ரெண்டு வேற கார ஒட்ட வச்ச மாதிரி ஆயிடும். பெயிண்ட் அடிக்காத உலோகத்துல அது சுத்தமா எடுபடாது. ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கம்பெனியோட 1956 கான்செப்ட் கார் ஃபயர்பேர்ட் 2 டைட்டானியம் பாடி, அதுக்கு முன்னாடி போலரைசர எவ்வளவு திருகினாலும் ஒண்ணும் நடக்காது, மூட்டமான வானத்துக்கு காத்திருக்கிறதுதான் வழி.

கேமராகிறுக்கன்:
அண்ணே டான் பேட்ரோல் சரி, எல்லாராலயும் அந்த நேரத்துக்கு போக முடியாது. டிக்கெட்டே அந்த விலை, தங்குற இடம் அத விட விலை, ரெண்டு மணி நேரம் தள்ளி ரூம் போட்டுட்டு வர்றவனுக்கு பத்து மணி கூட்டம்தான் விதி.

எல்லாரும் "உண்மை உண்மை"ங்கறீங்க. 1970ல டிசைன் ஸ்டுடியோக்கள் பத்திரிகைகளுக்கு குடுத்த படங்கள எடுத்துப் பாருங்க. வெத்து பின்னணி, ஒழுங்கான வெளிச்சம், கார் மட்டும், ரொம்ப போனா போஸ் குடுக்க ஒரு மாடல். அத யாரும் வால்பேப்பர்னு சொல்லலயே? அவங்க ஸ்டுடியோல செஞ்சத நான் வீட்டுல செய்றேன். கான்செப்ட் காருன்னாலே நாளைக்கு வரப்போற ஒண்ண இன்னிக்கே காட்டுறதுதான், அதுக்கு பின்னாடி 2024 செருப்பும் செல்ஃபி ஸ்டிக்கும் தெரிஞ்சா அந்த கனவு உடையுது. அந்தக் கனவ காப்பாத்தத்தான் நான் எடிட் பண்றேன், சோம்பேறித்தனத்துக்கு இல்ல.

மிலான்வாசி:
ஸ்டுடியோ படத்துல இருந்த பெயிண்ட்டும் ஓரமும் அவங்க முன்னாடி நிஜமா இருந்துச்சு. உங்க படத்துல ஆள் மறைச்ச இடத்துல இருக்கிறது மெஷின் யூகிச்சது. வித்தியாசம் அங்கதான்.

போன வருஷம் ஒருத்தர் பினின்ஃபரினா டிசைன் கம்பெனியோட ஃபெராரி 512 எஸ் மோடுலோ படம் ஒண்ணு போட்டிருந்தாரு, இதே மாதிரி கூட்டத்த தூக்கிட்டு. அந்த கார்ல நாலு சக்கரத்தையுமே பாடி பாதி மூடியிருக்கும், பாலோ மார்ட்டின் டிசைன்ல முதல்ல கண்ணுல படுற விஷயமே அது. பின் சக்கரத்துக்கு முன்னாடி யாரோட காலோ இருந்திருக்கு, சாஃப்ட்வேர் கால எடுத்துட்டு அந்த எடத்துல சாதாரண கார் மாதிரி வட்டமா ஒரு வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேல வர்ற வளைவு) வரைஞ்சு வச்சிருக்கு. பெரிசு பண்ணிப் பாத்தா வளைவோட ஓரம் மழுங்கிப் போய், பாடி நடுவுல ஓடுற கோடு அதுல முட்டி நின்னுடுது. கீழ கமெண்ட்ல எல்லாரும் "செம்ம"ன்னு போட்டிருக்காங்க, ஒருத்தர் கூட கவனிக்கல. இந்தப் படம் சுத்திச் சுத்தி நாளைக்கு யாரோ மாடல் செய்றவன் கைல போனா?

இந்த கார்களுக்கு படம்தான் ஆதாரம் ப்ரோ. மோடுலோ 1970 ஜெனீவாவுல முதல்ல வந்தப்போ கருப்பு, அப்புறம்தான் வெள்ள ஆச்சு. லிங்கன் ஃபியூச்சரா கான்செப்ட் கார 1955ல இத்தாலியோட கியா (Ghia) கம்பெனி கட்டினப்போ முத்து மாதிரி வெளிர் நிறம், அப்புறம் ஒரு சினிமாவுக்கு சிவப்பு அடிச்சாங்க, கடைசில கார்கள உருமாத்துற ஜார்ஜ் பேரிஸ் (Barris) கைல போய் 1966ல வந்த டிவி தொடரோட பேட்மொபைல் ஆயிடுச்சு. அந்த முதல் கார் இன்னிக்கு எங்க இருக்கு? அப்ப எடுத்த படங்கள்லதான். அந்த படத்த எடுத்தவன் "இங்க கொஞ்சம் சுத்தம் பண்ணிடலாம்"னு நினைச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?

ரோடுமாஸ்டர்:
இவ்ளோ டென்ஷன் எதுக்கு. படம் நல்லாருந்தா நல்லாருக்கு. அவர் மியூசியத்துக்கா குடுக்குறாரு, இன்ஸ்டாலதான போடுறாரு.

பசிபிக்காரன்:
ரோடுமாஸ்டர், இன்ஸ்டால போடுறதுதான் இப்ப ஊரெல்லாம் பரவுது, மியூசியம் படத்த யாரு தேடிப் போய் பாக்குறா.

அதே 2024 பெபிள் பீச்ல பெஸ்ட் ஆஃப் ஷோ (மொத்த ஷோவுக்கும் முதல் பரிசு) வாங்கினது எது? 1934 புகாட்டி டைப் 59, ரீஸ்டோர் பண்ணாத கார், பெயிண்ட் உரிஞ்சும் தேஞ்சும் அப்படியே நிக்குது. பாதுகாத்து வச்ச கார் ஒண்ணு அந்த பரிச வாங்கினது அதான் முதல் தடவ. அது ரேஸ் கார்தான், கான்செப்ட் இல்ல, ஆனா ஜட்ஜுங்களே கீறலுக்கு மரியாதை குடுக்க ஆரம்பிச்சாச்சு. நாம மட்டும் ஸ்லைடர இழுத்து கீறல மறைச்சுக்கிட்டு இருக்கோம்.

கேமராகிறுக்கன்:
கார் மேல நான் கை வைக்கல அண்ணே, கீறலயும் தொடல. கார மறைக்கிற ஆள அழிக்கிறது தப்புன்னு மிலான்வாசி சொல்றத ஏத்துக்கிறேன், அத நான் செய்றதும் இல்ல. சுத்தி நிக்கிற ஆள், கயிறு, நம்பர் போர்டு, குப்பைக் கூடை, இது போகட்டும்னுதான் சொல்றேன். பின்னணி காரோட பாகம் இல்ல. இதுல நான் விடமாட்டேன்.

துர்கா_ஃபிலிம்:
பின்னணி காரோட பாகம் இல்லன்னு யாரு சொன்னா? அந்த சிவப்பு பேண்ட் கார் மேல பட்டையா விழுந்திருக்குன்னு நீங்கதான முதல் பதிவுல எழுதினீங்க. ஆள தூக்கிட்டு பட்டைய விட்டா எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியாத ஒரு கறை மாதிரி நிக்கும். பட்டையவும் துடைச்சா நீங்க கார் பாடிய தொட்டுட்டீங்க. ரெண்டுல ஒண்ணு, வேற வழி கிடையாது.

அந்த பட்டைய நல்லா பாருங்க தம்பி. ஸ்டுடியோல டிசைனர்கள் பாடி சரியா இருக்கான்னு பாக்குறதே மேல விழுற வெளிச்சக் கோட்ட வச்சுத்தான், அந்த கோடு எங்க வளையுது, எங்க ஒடியுதுன்னு பாத்துத்தான் மட்டத்த தேய்ப்பாங்க. ஸீரோ பட்டை பட்டையா வெட்டின மாதிரி இருக்கிற கார். சிவப்புக் கோடு ஒரு பேனல்ல நேரா வந்து மடிப்புல சடார்னு ஒடிஞ்சு அடுத்த பேனல்ல வேற இடத்துல இருந்து கிளம்பும். அந்த மடிப்பு எவ்வளவு கூர்மைன்னு அந்த பேண்ட்காரர் உங்களுக்கு காட்டிக் குடுத்திருக்காரு. வெறும் வானம் மட்டும் பிரதிபலிச்சிருந்தா அது மொழுக்குனு போயிருக்கும்.

கேமராகிறுக்கன்:
அக்கா, இந்த கோணத்துல யாரும் எனக்கு சொன்னதில்ல. ஃபைல திறந்து பாத்தேன். கதவு இருக்க வேண்டிய எடத்துக்கு கீழ கோடு நிஜமாவே ஒடியுது, மேல் பாதி கொஞ்சம் அகலம், கீழ் பாதி ஊசி மாதிரி. அந்த பிரதிபலிப்ப தொட மாட்டேன், சரி. ஆனா குப்பைக் கூடைக்கு நான் மன்னிப்பு தர்றதா இல்ல, அது போயே ஆகணும்.

மிலான்வாசி:
குப்பைக் கூடைய ஒரு அடி தள்ளி நின்னிருந்தா காருக்குப் பின்னாடி மறைச்சிருக்கலாம்னு சொல்ல வந்தேன், 84 செ.மீ காருக்குப் பின்னாடி அதுவும் மறையாது. சரி எடுத்துடுங்க. எடுத்தேன்னு படத்துக்கு கீழ ஒரு வரி எழுதிடுங்க, நான் கேக்குறது அவ்வளவுதான்.

கேமராகிறுக்கன்:
எழுதுறதுல எனக்கு தயக்கம் இல்ல. காபி கப்காரர்?

துர்கா_ஃபிலிம்:
எடிட் பண்ணாத ஃபைல இங்க போடுங்க, கப்பு எங்க இருக்குன்னு பாத்துட்டு சொல்றேன். கூரைக் கோட்ட வெட்டுதுன்னா உங்க பக்கம் வர்றேன்.