குப்பியில் மின்னினால் மட்டும் போதாது

நானோபடிகங்களோடு, அதாவது சில நானோமீட்டர் பருமனே உள்ள குறைக்கடத்திப் படிகங்களோடு, பழகிய அனுபவத்தைப் பலரும் எழுதுகிறீர்கள்; பெரும்பாலும் புற ஊதா விளக்கின் கீழ் வண்ண வண்ணமாக மின்னும் குப்பிகளைப் பற்றி. அந்த அழகில் நானும் மயங்கியவன்தான். ஆனால் அவற்றின் சுபாவம் பிடிபட்டது, நியூட்ரினோ எனும், எதிலும் எளிதில் சிக்காத நுண்துகளை ஆராய்வதற்கான ஒளிர்திரவத்தில் (துகள் பாய்ந்தால் ஒளிரும் திரவம்) கலந்து பார்த்தபோதுதான்.

வழக்கமான கலவையில் டொலுயீன் போன்ற கரைப்பானும், லிட்டருக்குச் சில கிராம் பிபிஓ (PPO) என்ற ஒளிரும் கரிமச் சாயமும் இருக்கும். துகள் பாய்ந்தால் பிபிஓ 360 நானோமீட்டரை ஒட்டி ஒளி விடும். அதை விழுங்கி 420 பக்கம் தள்ள பிஸ்-எம்எஸ்பி (bis-MSB) என்ற இன்னொரு சாயம். சீனாவின் ஜூனோ (JUNO) நியூட்ரினோ ஆய்வகத்தில் 20,000 டன் திரவம். அதற்கே லிட்டருக்கு 3 மில்லிகிராம் பிஸ்-எம்எஸ்பிதான்.

அந்த வேலையைக் காட்மியம் சல்ஃபைடு படிகங்களிடம் ஒப்படைத்தோம். கரிமச் சாயத்தில் நிறம் மாற வேண்டுமென்றால் மூலக்கூற்றையே மாற்ற வேண்டும். படிகத்தில் பருமனை மாற்றினால் போதும்.

சிக்கல் தொலைவில் காத்திருந்தது. படிகம் உமிழும் அலைநீளமும் விழுங்கும் அலைநீளமும் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. கரைசலை நீள்குழாயில் நிரப்பி, விளக்குக்கு அருகிலும் மறுமுனையிலும் நிறமாலையைப் பதிவு செய்தேன். மறுமுனை வளைவில் நீல ஓரம் கரையான் அரித்ததுபோல் காணாமல் போயிருந்தது. உச்சி நீண்ட அலைநீளத்துக்கு நகர்ந்திருந்தது. ஒரு படிகம் விட்ட ஒளியை வழியிலிருந்த மற்றவை தின்றுவிட்டன. சிறு குப்பியில் இது கண்ணுக்கே தெரியாது. பல மீட்டர் அகலமுள்ள தொட்டியில் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

இன்னொன்று, திரளுதல். புதிதாகக் கலந்த திரவத்தில் சிவப்பு லேசரைச் செலுத்தினால் கோடு ஏதும் தெரியாது. சில வாரம் அலமாரியில் இருந்ததில் கோடு பளிச்சென்று தெரிகிறது: படிகங்கள் ஒட்டித் திரண்டு ஒளியைச் சிதறடிக்கின்றன. வடிகட்டினால் தெளியும்; விலையுயர்ந்த படிகங்களும் வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

இருந்தும் கைவிட மனம் வராததற்குக் காரணம் காட்மியம். 1956-ல் ரெய்னஸ், கவன் என்ற இயற்பியலாளர்கள் நியூட்ரினோவைக் கண்டறிந்தபோது, அது மோதும்போது வெளிவரும் நியூட்ரான்களைப் பிடிக்கக் காட்மியம் குளோரைடை நீரில் கரைத்து, ஒளிர்திரவத் தொட்டிகளுக்கு நடுவே வைத்தார்கள். படிகத்தின் வழியாக அதே தனிமத்தை ஒளிர்திரவத்துக்குள்ளேயே கொண்டுபோகலாம். இயற்கைக் காட்மியத்தில் சுமார் 7.5 சதவீதமாக உள்ள காட்மியம்-116 என்ற ஐசோடோப்பு, நியூட்ரினோவே தன் எதிர்த்துகளா என்று சோதிக்க உதவும் இரட்டை பீட்டா சிதைவுக்கு (ஒரே அணுக்கருவிலிருந்து இரண்டு எலக்ட்ரான்கள் ஒருசேர வெளிவருவது) உள்ளாவது. ஒளியை மாற்றுவதும் ஆய்வுப் பொருளைச் சுமப்பதும் ஒரே படிகம்! இதற்காக எவ்வளவு வடிகட்டினாலும் தகும் என்பேன்.

வேறொரு பொருளால் தடித்த மேலோடு போர்த்திய படிகங்களில், தாங்கள் விட்ட ஒளியைத் தாங்களே தின்னும் இந்தத் தன்விழுங்கல் குறையும். அவற்றை நீள்குழாயில் அளந்தவர்கள் இங்கே இருந்தால், மறுமுனை வளைவு எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.