கேரள லாட்டரி: விற்காத டிக்கெட் யார் தலையில்?

மீனாட்சிபுரம் கடை:
கேரள எல்லையில் லாட்டரிக் கடை வைத்திருக்கிறேன், தமிழ்நாட்டு நண்பர்களுக்காக முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். மாவட்ட லாட்டரி அலுவலகத்திலோ பெரிய ஏஜென்சியிலோ காசைக் கட்டித்தான் டிக்கெட் எடுக்கிறோம். மதியம் 3 மணிக் குலுக்கலுக்குள் விற்காததை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள். ஒரு நாள் அடைமழை பிடித்தால் போதும், கட்டு அப்படியே தங்கிவிடும். 2025 மே மாதம் வாராந்திர டிக்கெட் 40 ரூபாயிலிருந்து 50 ஆனது, அதனால் கையில் தங்கும் நட்டமும் கூடிவிட்டது. செப்டம்பரில் ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 40 ஆனபோது விலையை ஏற்றவில்லை, நல்லது. ஆனால் எங்கள் நட்டத்தை யாரும் நினைக்கவில்லை. எடுத்ததில் பத்தில் ஒரு பங்கையாவது மதியம் 1 மணிக்குள் திரும்ப எடுக்கட்டும்.

ஓய்வுபெற்ற கணக்கர்:
நடக்காத காரியம் தம்பி. திரும்ப எடுப்பார்கள் என்று தெரிந்தால் நாளைக்கே எல்லா ஏஜென்டும் தேவைக்கு மேல் அள்ளுவார்கள். அப்புறம் 1 மணிக்கு வந்து குவியும் டிக்கெட்டை எண்ணி, எண்ணைப் பதிந்து, குலுக்கலுக்கு முன் ரத்து செய்வது யார்? ஒரு கட்டு விடுபட்டு அதில் ஒரு கோடி விழுந்தால் வழக்குதான். இன்னொன்று, விற்காத டிக்கெட்டுக்குப் பரிசு விழுந்தால் அது உங்களுடையது. அதை விட்டுக்கொடுப்பீர்களா?

மீனாட்சிபுரம் கடை:
தாராளமாக. விற்ற மொத்தப் பணமும் பரிசாகத் திரும்புவதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததா சார்? விற்காத கட்டை வைத்திருப்பவன் கையைக் கடித்துக்கொள்ளத்தான் செய்வான். நான் கடை வைத்தது வியாபாரத்துக்கு, சூதாட அல்ல.

லண்டன்வாசி:
பிரிட்டனில் 1994-இல் தேசிய லாட்டரி தொடங்கியதிலிருந்தே கடையில் இயந்திரம்தான். ஆள் வந்து கேட்டால்தான் சீட்டு அச்சாகும், விற்காத குலுக்கல் சீட்டு என்ற பேச்சே இல்லை. இங்கேயும் அதைக் கொண்டுவரலாமே?

ஓய்வுபெற்ற கணக்கர்:
கொண்டுவந்தால் பஸ் ஸ்டாண்டில் அட்டையில் டிக்கெட்டைச் செருகிக்கொண்டு நிற்பவர்கள் எங்கே போவார்கள்? 1967-இல் கேரளா லாட்டரித் துறையைத் தொடங்கியபோது, வேலையில்லாதவர்களுக்கு ஒரு பிழைப்பு என்பதும் நோக்கம். கடைக்கு மட்டும் இயந்திரம் கொடுத்தால் நடந்து விற்பவர் கதை முடிந்தது.

ஆரியங்காவு பையன்:
அந்த நடந்து விற்பவரைப் பற்றி இப்போதுதான் பேச்சே வருகிறது. என் அப்பாவுக்கு ஒரு கால் வராது, மூன்று சக்கர வண்டியில் விற்கிறார். அவர் டிக்கெட் எடுப்பது துறையிடமோ ஏஜென்டிடமோ இல்லை, ஏஜென்டிடம் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் சப் ஏஜென்டிடம். கமிஷன் அத்தனை கை மாறி வரும்போது தேய்ந்துவிடுகிறது. டிக்கெட்டின் பின்னால் ஏஜென்சி சீல் இருக்கும். பரிசு விழுந்தால் ஏஜென்ட் கமிஷன் சீல்காரருக்குத்தான். விற்றவருக்கு அவர் மனசு வைத்தால் உண்டு.

போன வருடம் ஒருவன் பைக்கை நிறுத்தாமலே டிக்கெட்டை நீட்டி, 2000 ரூபாய் விழுந்திருக்கிறது என்றான். அப்பா பரிசுப் பட்டியலைப் பார்த்துக் காசு கொடுத்துவிட்டார். மாலை சப் ஏஜென்ட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 3-ஐ பேனாவால் 8 ஆக்கியிருந்தான். 5000 ரூபாய் வரை விற்பவரிடமே மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்தவர்கள், அந்த ஏமாற்றுக்கும் அவரே பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். ஸ்கேன் செய்ய ஆப் இருக்கிறதாம். அப்பாவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது.

கோவைக் குடிமகன்:
இவ்வளவு வேதனை எதற்கு? தமிழ்நாடு 2003-இல் லாட்டரியை மூடியதைப் போல மூடுங்கள்.

மீனாட்சிபுரம் கடை:
மூடிய ஊர்க்காரர்கள்தானே அண்ணா எங்கள் கடையில் வரிசையில் நிற்கிறார்கள்? 2023-இல் ஓணத்துக்கான பெரிய குலுக்கலான திருவோணம் பம்பரின் 25 கோடி, எல்லையோர வாளையாறில் விற்ற டிக்கெட்டுக்கு விழுந்தது. வாங்கியவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள்.

கோவைக் குடிமகன்:
அந்த ஒரு டிக்கெட்டைச் சொல்லியே இன்னும் எத்தனை வருடம் விற்பீர்கள்?

ஓய்வுபெற்ற கணக்கர்:
அது தனி விவாதம், இங்கே வேண்டாம். ஆரியங்காவு தம்பி சொன்னதில் ஒன்று எனக்குச் சரி. நடந்து விற்பவருக்கு மாவட்ட அலுவலகமே நேரடியாகக் கொஞ்சம் டிக்கெட் ஒதுக்கலாம். ஆனால் திரும்ப எடுப்பதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆரியங்காவு பையன்:
ஒதுக்குங்கள் சார். காலையில் கொல்லத்துக்குப் பஸ் ஏறிப்போய் எடுத்துவர அப்பாவால் முடியாது. அதைக் கொண்டுவந்து கொடுக்க யார் வருவார்கள்? மறுபடி அதே சப் ஏஜென்ட்தான்.