பின்னலாடை ஆலையை எட்டாம் வகுப்புக் கணக்கோடு இணைப்பது எப்படி?

கணித ஆசிரியை, திருப்பூர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் அரசு நடுநிலைப் பள்ளி மாணவர்கள் பலரின் பெற்றோர் பனியன் கம்பெனிகளில் பணிபுரிகிறார்கள். சென்ற ஆண்டு ஓர் ஆலைக்கு அழைத்துச் சென்றோம். சுற்றிப் பார்த்து, பிஸ்கட் வாங்கிக்கொண்டு திரும்பியதோடு சரி. பாடத்தோடு ஒட்டுமாறு இதை எப்படி அமைப்பது?

தரக்கட்டுப்பாட்டுப் பணியாளர்:
அம்மா, ஆலை முழுவதையும் காட்ட வேண்டாம்; ஒரு மேசை போதும். துணியின் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) அறிய, வட்டமாக வெட்டும் கருவியால் 100 சதுர செ.மீ. பரப்புள்ள துண்டை எடுத்து எடை போடுவோம். அது 1.8 கிராம் இருந்தால் துணி 180 ஜி.எஸ்.எம். எடையை ஏன் 100ஆல் பெருக்குகிறோம், அந்த வட்டத்தின் ஆரம் ஏன் சுமார் 5.64 செ.மீ. என்று துண்டைக் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
நல்ல யோசனை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் என்பதால், கட்டிங் மாஸ்டர் (ஆலையில் துணி வெட்டுபவர்) ஒருவர் அதிலேயே கிடைக்கக்கூடும். நிறுவனங்கள் சுவருக்கு வண்ணம் பூசித் தருவதோடு நின்றுவிடுகின்றன (பெயர்ப்பலகை மட்டும் பெரிதாக இருக்கும்); கூலியைப் பிடிக்காமல் அவரை ஒரு மணி நேரம் வகுப்புக்கு அனுப்புமாறு கேளுங்கள். ஒரே எச்சரிக்கை: 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைச் சட்டம் தடைசெய்வதால், பயிற்சி என்ற பெயரில் யாரையும் இயந்திரத்தில் உட்கார வைக்க இடங்கொடுக்காதீர்கள்.

கணித ஆசிரியை:
நன்றி, ஐயா. வட்டத்தின் பரப்பளவு அடுத்த வாரப் பாடம். துணித் துண்டுகளைக் கேட்டு இன்றே எழுதுகிறேன்.